படகின் ரப்பர் பட்டை வெளுத்துப்போனால் மண்ணெண்ணெயை முதலில் தூர வையுங்கள்

கேள்வி: மேலூர்ப் பக்கம் எங்கள் தோப்பு விடுதியின் குளத்தில் மூன்று பெடல் படகுகளும், தொண்டியில் பழையதாக வாங்கிய ஒரு சிறிய மோட்டார் படகும் இருக்கின்றன. எல்லாம் ஃபைபர். பெடல் படகுகளின் விளிம்பில் ஓடும் கறுப்பு ரப்பர் பட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால் கையெல்லாம் கரி. மழை பெய்தால் படகின் உடம்பில் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றன. மோட்டார் படகின் பட்டை வெள்ளை. அது மஞ்சளாகி விறைத்துக் கிடக்கிறது. தோட்டக்காரர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். இரண்டு நாள் புதிதுபோல மின்னியது, பிறகு முன்னைவிட மோசம். பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்:

தம்பி, கறுப்புப் பட்டையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெள்ளையை மீட்க முடியாது. கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஏன் இந்த வேறுபாடு என்று புரிந்துகொண்டால் எந்தப் புட்டியை வாங்குவது, எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். நான் கப்பலூர்ப் பக்கம் ரப்பர் கலவை போடும் வேலையில் இருந்தவன். ஆகவே படகுக்காரன் பார்வையில் அல்லாமல் ரப்பர்க்காரன் பார்வையில் சொல்கிறேன்.

உங்கள் கையில் ஒட்டும் கரி அழுக்கு அல்ல. அது பட்டையின் உடம்பே. கறுப்பு ரப்பர் என்பது ரப்பரோடு கார்பன் கறுப்பு என்னும் கரித்தூள், எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, மெழுகு, முதுமையைத் தள்ளிப்போடும் சில ரசாயனங்கள் எல்லாம் சேர்த்து அரைத்து வேகவைத்த கலவை. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் இதில் சுண்ணாம்புத் தூளையும் களிமண் தூளையும் ஏற்றுவார்கள். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலில் இருக்கும் ரப்பரை மட்டும் அழிக்கின்றன. தூள்களைப் பிடித்துவைத்திருந்த பிசின் போய்விட, கரியும் சுண்ணாம்பும் பிடிமானமில்லாமல் மேலே நிற்கின்றன. சுண்ணாம்பு அதிகமான பட்டை சாம்பலாகத் தெரிவதும், கை வைத்தால் கரி ஒட்டுவதும், மழை அதைக் கழுவி உடம்பில் கோடு போடுவதும் எல்லாம் ஒரே காரணத்தால்தான். நல்ல செய்தி என்னவென்றால், கார்பன் கறுப்பு வெயிலை மேலேயே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் சேதம் மிக மெல்லிய தோலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே நல்ல ரப்பர் அப்படியே இருக்கும்.

வெள்ளைப் பட்டையின் கதை வேறு. வெள்ளையாகவும், விறைத்தும், மஞ்சளாகியும் இருப்பதால் அது அநேகமாக ரப்பரே அல்ல, பிவிசி. பிவிசி இயல்பில் தண்ணீர்க் குழாய்போல விறைப்பானது. அதில் மென்மையூட்டும் எண்ணெயைக் கலந்துதான் வளையும் பட்டையாக ஆக்குகிறார்கள். வெயிலில் அந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியேறுகிறது. போனதைத் திரும்ப ஏற்ற எந்தப் புட்டியாலும் முடியாது, அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அதன் மென்மையை எப்போது சோதிப்பது என்பதும் முக்கியம். மதியம் இரண்டு மணிக்கு அழுத்திப் பார்த்தால் சூட்டில் இளகி நல்ல பட்டைபோல ஏமாற்றும். விடியற்காலையில் அழுத்திப் பாருங்கள். உண்மை அப்போது தெரியும்.

எது எது என்று சந்தேகமாக இருந்தால் சோதனை எளிது. கண்ணில் படாத ஓரத்தில், விளக்கில் சூடேற்றிய தையல் ஊசியை வைத்து அழுத்துங்கள். பிவிசி உருகி வழிவிடும். வேகவைத்த ரப்பர் உருகாது. கருகி நாற்றமடிக்கும், அவ்வளவுதான். திறந்த வெளியில் செய்யுங்கள், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். பிவிசி கருகும்போது வரும் புகை மூக்கையும் தொண்டையையும் அரிக்கும்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சில கறுப்புப் பட்டைகளின் மேல் திருநீறு பூசியதுபோல ஒரு வெண்மை படரும். கட்டைவிரலால் தேய்த்தால் மெழுகு வழுக்கும். கை சூட்டிலேயே மறைந்துவிடும். அது கலவையில் நாங்கள் வேண்டுமென்றே போட்ட மெழுகு. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைக் கடிக்காமல் இருக்க அது தானாக மேலே வந்து திரையாக நிற்கிறது. அதைத் தேய்த்து எடுப்பது காவல்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். உங்களுடையது அந்த வகையல்ல, கரி ஒட்டுகிறது என்கிறீர்கள். ஆனாலும் புதுப் பட்டை போட்ட பிறகு இதை நினைவில் வையுங்கள்.

ஓசோன் என்றதும் ஒரு விஷயம். ரப்பர் ஓசோனைத் தாங்குகிறதா என்று ஆலையில் பார்க்க, பட்டையை 20 சதவீதம் இழுத்துப் பிடித்து, 40 டிகிரி சூட்டில், பத்துக் கோடிப் பங்கு காற்றில் 50 பங்கு ஓசோன் கலந்த பெட்டிக்குள் வைப்பது பரவலான வழக்கம். அந்த 40 டிகிரியை எட்ட மற்ற ஊர்க்காரர்களுக்கு அடுப்பு வேண்டும். நமக்குச் சித்திரை மாதம் போதும். ஓசோன் வெடிப்பு எப்போதும் இழுவைக்குக் குறுக்காக விழும். அதனால் உங்கள் படகுகளின் மூக்கு வளைவில்தான் முதலில் பாருங்கள், பட்டை அதிகம் இழுபட்டிருப்பது அங்கே. விரலால் மடக்கினால் வெடிப்பு வாய் திறக்கிறதா? ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் தெரிந்தால் அந்தப் பட்டையைச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வெடிப்பில்லாமல் வெறும் சாம்பல் நிறம் மட்டும் என்றால் வேலையைத் தொடங்கலாம்.

மண்ணெண்ணெய்ப் பழக்கத்தை இதோடு விட்டுவிடச் சொல்லுங்கள். தோட்டக்காரரைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் டிராக்டர் டயருக்கும் மிதிவண்டிப் பிடிக்கும் எல்லாரும் செய்வதுதான். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், தின்னர் இவையெல்லாம் சாதாரண ரப்பருக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். உப்பிய தோல் மினுமினுக்கும். அந்த இரண்டு நாள் பளபளப்பு அதுதான். அது ஆவியாகிப் போகும்போது உள்ளே இருந்த எண்ணெயையும் மெழுகையும் முதுமைத் தடுப்பு ரசாயனங்களையும் கரைத்து வெளியே இழுத்து வந்துவிடுகிறது. முன்னைவிட மோசமானதாக உங்களுக்குத் தோன்றியது பிரமை அல்ல. தேங்காய் எண்ணெய் நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. அது தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை வரும், ஈரம் இருக்கும் இடத்தில் பூசணமும் பிடிக்கும். கறுப்பு பூட் பாலிஷ் பூசினால் அடுத்த நாள் படகில் ஏறும் பெண்களின் புடவையில்தான் அந்தக் கறுப்பு இருக்கும். கறுப்பு எனாமல் பெயின்ட் எல்லாவற்றையும்விடக் கெடுதல். ரப்பர் வளையும், பெயின்ட் வளையாது. செதில் செதிலாக உரியும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கும் கூலியில் புதுப் பட்டையே வாங்கிவிடலாம்.

இனி வேலைக்கு வருவோம். படகைக் கரையேற்றி நிழலில் வையுங்கள். குளத்தில் வைத்தே கழுவினால் சோப்பும் கரியும் மீனுக்குப் போகும். சூடான பட்டையில் சோப்புத் தண்ணீர் நொடியில் காய்ந்து திட்டாகிவிடும் என்பதால் காலை வேளை நல்லது. ஃபைபர் ஓரத்தில் பட்டையை ஒட்டி பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை ஒட்டுங்கள். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணைப் போக்குங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, துணி துவைக்கும் நைலான் பிரஷால் தேயுங்கள். பட்டையும் ஃபைபரும் சேரும் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். மண்ணெண்ணெய் பட்ட பட்டை என்பதால் இதை இரண்டு முறை செய்து, நாலைந்து நாள் நிழலில் காற்றாட விட்டு, அதன் பிறகுதான் நிறத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். சலவைச் சோடா வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். பாசி போகிறது என்று பலர் போடுகிறார்கள், வெயில் ஒரு வருடத்தில் செய்வதை அது விரைவில் செய்துவிடும்.

மேலூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் உப்புத் தண்ணீராகத்தான் இருக்கும். நீர்மட்டக் கோட்டை ஒட்டிக் கெட்டியான வெள்ளைப் படலம் இருந்தால் அது ரப்பர் வெளுத்ததல்ல, உப்பு. வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றிவைத்துக் கழுவினால் போய்விடும். கடைசியாகத் துடைப்பதற்கு மட்டும் மழைத் தண்ணீரோ நல்ல குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரைக் கழுவப் பயன்படுத்தினால் உப்பை அள்ளித் தெளிப்பதுபோலாகிவிடும்.

கழுவிக் காய்ந்ததும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இன்னும் நிறையக் கரி வந்தால் செத்த தோல் போகவில்லை. அதை எடுத்தே ஆக வேண்டும். அதன் மேல் எதைப் பூசினாலும் செத்த தோலோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இதுதான். கழுவிய கையோடு பாலிஷ் பூசிவிட்டு, பாலிஷ் சரியில்லை என்பார்கள். சமையலறையில் கொஞ்ச நாள் உழைத்துத் தேய்ந்த ஸ்காட்ச் பிரைட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பட்டையின் நீளவாக்கில், அழுத்தாமல் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் கண்ணுக்குத் தெரியும். திடமான கனத்த ரப்பராக இருந்தால் 400 எண் நீர் உப்புத்தாளில் தொடங்கி 600-இல் முடிக்கலாம். அடிக்கடி கழுவிப் பார்த்துக்கொண்டே போங்கள். சாம்பல் நீங்கி ஒரே சீரான மங்கிய கறுப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். துணியில் ஒரு சொட்டுக் கறுப்பும் வரக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் பட்டையே தீர்ந்துபோகும். கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. கைக்குப் போடும் சானிடைசரில் கிளிசரினும் சேர்ந்திருக்கும் என்பதால் அது உதவாது. ரசாயனக் கடையில் தனியாகக் கிடைக்கும்.

வெள்ளைப் பிவிசிக்கு உப்புத்தாள் வேண்டாம். சோப்பும் மென்மையான ஸ்பாஞ்சும் போதும். மேல் மஞ்சள் கொஞ்சம் குறையும். அதில் பழுப்புத் திட்டுகள் இருந்தால் உங்கள் படகுத் துறையைப் போய்ப் பாருங்கள். இடிபடாமல் இருக்கப் பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். டயரில் போடும் ஓசோன் தடுப்பு ரசாயனம் தொடும் பொருளுக்குள் இறங்கிப் பழுப்பாக்கும் தன்மை கொண்டது. வெள்ளைப் பிவிசியில் அது ஊறிவிட்டால் எந்தச் சோப்பாலும் போகாது. கரி படிவதும் அந்த டயரால்தான் பாதி. டயரை எடுத்துவிட்டுத் தேங்காய் நார்க் கயிற்றைத் திரளாகச் சுற்றித் தொங்கவிடுங்கள். மேலூரில் கயிற்றுக்கா பஞ்சம்.

அடுத்து மேற்பூச்சு. கடையில் டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் என்று வரிசையாக இருக்கும். என் அளவுகோல் ஒன்றுதான்: பால்போல வெள்ளையாக, பெட்ரோல் வாடை இல்லாமல் இருந்தால் வாங்குங்கள். அது தண்ணீரில் சிலிக்கான் எண்ணெயைக் கலக்கிய பால். கண்ணாடிபோலத் தெளிவாக, மூடியைத் திறந்ததும் பெட்ரோல் பங்க் வாடை அடித்தால் அது சிலிக்கானைப் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தது; மண்ணெண்ணெயின் பங்காளி. அட்டையில் புற ஊதாக் கதிர்த் தடுப்பு என்று இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பாஞ்சில் எடுத்து மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, மிஞ்சியதை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஒரு கனத்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நிற்கும். பங்குனி முதல் ஆடி வரை மாதம் ஒருமுறை, மற்ற நாட்களில் எப்போதாவது. கார் கதவு ரப்பருக்குக் கிளிசரின் போடுவார்கள், அது ரப்பருக்குத் தீங்கற்றது. ஆனால் தண்ணீரில் கரைவது. படகில் பூசினால் முதல் சுற்றிலேயே குளத்துக்குப் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிலிக்கான் பூச்சைப் படி, பெடல், இருக்கை, கால் வைக்கும் விளிம்பு ஆகிய இடங்களில் மறந்தும் பூசாதீர்கள். ஈரக் காலோடு ஒரு குழந்தை வழுக்கினால் பட்டையின் அழகு யாருக்கும் நினைவிருக்காது. ஃபைபரில் எங்காவது விரிசல் பார்த்து ஜெல்கோட், அதாவது ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு, பூச வேண்டியிருந்தால் அந்த வேலையை முதலில் முடியுங்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் ஜெல்கோட்டும் பெயின்ட்டும் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

செத்த தோலை எடுத்த பிறகும் கறுப்பு போதவில்லை என்று தோன்றினால், கறுப்பு நிறமி சேர்ந்த தண்ணீர் வகைப் பூச்சு கார் அலங்காரக் கடைகளில் கிடைக்கிறது. சுத்தமான பட்டையில் ஒரு பருவம் தாங்கும். சூடான காற்றை ஊதிக் கறுப்பை மீட்கும் வித்தையை இணையத்தில் பார்த்துவிட்டு முயலாதீர்கள். அது கார் பம்பர் போன்ற சில கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும். ரப்பரின் முதுமையைச் சூடு விரைவுபடுத்தும்.

ஃபைபரில் இறங்கிய கறுப்புக் கோடுகளைச் சோப்புத் தண்ணீரில் முடிந்தவரை போக்கி, மிச்சத்தைக் கார் பெயின்டுக்கான மென்மையான தேய்ப்புப் பசையால் எடுத்துவிட்டு, பட்டைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் கார் மெழுகு பூசிவையுங்கள். அடுத்த மழையில் கோடு விழுந்தாலும் ஒற்றைத் துடைப்பில் போகும்.

எல்லாப் புட்டிகளையும்விட நிழல் மேல். ஒரு கீற்றுக் கொட்டகை, இல்லையென்றால் நாற்றங்கால்களுக்குப் போடும் பச்சை நிழல்வலை, படகு நிற்கும் இடத்துக்கு மேலே இருந்தால் பட்டையின் ஆயுள் பெரிதும் கூடும். தார்ப்பாயைப் படகின் மேல் இறுக்கிக் கட்டுவது நிழல் ஆகாது; உள்ளே சூட்டைப் பூட்டிவைக்கும். கவிழ்த்து வைக்கும்போது எடை முழுதும் பட்டையின் மேல் நிற்காமல், உடம்புக்குக் கீழே கட்டை கொடுங்கள்.

மாற்ற வேண்டியவற்றுக்கு வருகிறேன். மதுரையில் படகுச் சாமான் கடையைத் தேடி அலைய வேண்டாம். கொச்சியிலோ தூத்துக்குடியிலோ தேடுவதுபோல இங்கே கிடைக்காது. ஆனால் ரப்பருக்கு இது பெயர்போன ஊர். கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் ஆலை, உங்கள் மேலூர்ச் சாலையிலேயே வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலை, அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகள். பழைய பட்டையில் விரல் நீளம் வெட்டி எடுத்துக்கொண்டு, மீட்டர் கணக்கில் பட்டை இழுக்கும் பட்டறைக்குப் போங்கள். அதே வடிவ அச்சு அவர்களிடம் இருக்கலாம்; இல்லையென்றால் நெருங்கிய வடிவம் கிடைக்கும். இபிடிஎம் ரப்பர், கறுப்பு, ஷோர் ஏ கடினத்தன்மை 65 முதல் 70 என்று கேளுங்கள். இபிடிஎம்மின் முதுகெலும்பில் ஓசோன் கடிக்கும் இரட்டைப் பிணைப்பு இல்லை. அதனால்தான் கார் கண்ணாடிப் பட்டைகள் பெரும்பாலும் அதில் செய்யப்படுகின்றன. இயற்கை ரப்பர் இழுவைக்கும் உழைப்புக்கும் ராஜா, வெயிலில் நிற்க லாயக்கில்லை. மோட்டார் படகுக்கும் வெள்ளையை விட்டுவிட்டுக் கறுப்பே போடுங்கள். கார்பன் கறுப்பு இல்லாத பட்டைக்கு வெயிலில் குடை கிடையாது.

மாதிரியைக் கையில் வாங்கியதும் நன்றாக மடக்கிப் பிடியுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் சுண்ணாம்பு அதிகம். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் கனமானது தரமானது என்று எண்ணிவிடாதீர்கள். ரப்பர் லேசு, தூள்தான் கனம்.

பூட்டும்போது பட்டையை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு இளக்கிக்கொள்ளுங்கள். இழுத்துப் பூட்டாதீர்கள், பிறகு சுருங்கி முனையில் இடைவெளி விடும், வளைவில் வெடிக்கும். பின்புறத்தில் தொடங்கி மூக்கைச் சுற்றி வந்து பின்புறத்திலேயே முடியுங்கள், இணைப்பு மூக்கில் வரக்கூடாது. நாலு விரல் நீளம் கூடுதலாக விட்டு, ஒரு இரவு கழித்து வெட்டுங்கள். திருகுகள் துருப்பிடிக்காத எஃகில் 304 வகை குளத்துக்குப் போதும். படகை மறுபடி தொண்டிக் கடலுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் 316. ஒவ்வொரு திருகுத் துளையிலும் பாலியூரித்தேன் அடைப்புப் பசை ஒரு சொட்டு வைத்துத் திருகுங்கள். தொண்டிப் படகில் பழைய திருகுகளைக் கழற்றும்போது துளை வழியாக ஈரமான மரத்தூள் வந்தால், உள்ளே விளிம்புக் கட்டை உளுத்திருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் புதுப் பட்டையைச் சுருட்டி நிழலில் வைத்துவிட்டு, ஃபைபர் வேலைக்காரரை முதலில் கூப்பிடுங்கள்.